கறுப்பு வெள்ளை வீட்டில் ஒரு சிவப்பு விளக்கு: வாண்டாவிஷன் முதல் அத்தியாயம் குறித்து

அஸ்தம்பட்டி ஆசிரியை

மந்திர ஆற்றல் கொண்ட வாண்டாவும் செயற்கை மனிதனான விஷனும் கணவன் மனைவியாக வரும் மார்வெல் அதிநாயகத் தொடரான வாண்டாவிஷனின் முதல் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் நிதானமாகப் பேச வேண்டும் என்பது என் விருப்பம். 2021 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று, முதல் இரண்டு அத்தியாயங்களும் ஒன்றாக வெளியாயின. அதிரடியை எதிர்பார்த்து உட்கார்ந்த பலர், ஐம்பதுகளின் அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடரைப் போலக் கறுப்பு வெள்ளையில், சிரிப்பொலியுடன் ஓடிய அரை மணி நேரத்தைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு எழுந்து போனார்கள். எனக்கோ, மார்வெல் நிறுவனத்தார் எடுத்த எல்லாவற்றிலும் காட்சி மொழியை இவ்வளவு துணிவாகக் கையாண்ட அத்தியாயம் வேறு இல்லை என்றே தோன்றுகிறது.

அந்த இரவு உணவுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விஷனின் மேலதிகாரியும் அவர் மனைவியும் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். அதுவரை கேமரா மேடை நாடகத்தைப் பார்ப்பவரின் இடத்திலேயே நிற்கிறது. கூடம், அடுக்களை எல்லாம் எதிரிலிருந்தே தெரிகின்றன. ஒவ்வொரு வசனத்துக்கும் சிரிப்பு எழுகிறது. "எங்கிருந்து வந்தீர்கள், ஏன் வந்தீர்கள்?" என்று மேலதிகாரி அழுத்திக் கேட்கும்போது வாண்டாவிடமும் விஷனிடமும் பதில் இல்லை. மேலதிகாரிக்குத் தொண்டையில் உணவு சிக்கிக்கொள்கிறது. அவர் மனைவி சிரித்த முகம் மாறாமலே "நிறுத்து, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலில் கணவரின் வேடிக்கையை அடக்குவதுபோல ஒலித்த சொல், மெல்ல மெல்ல வாண்டாவிடம் கெஞ்சுவதாக மாறுகிறது. கேமரா மேடைக்கு வெளியிலிருந்த தன் இடத்தை விட்டு மேசைக்கு நடுவே வந்துவிடுகிறது, முகங்கள் திரையை நிறைக்கின்றன, சிரிப்பொலி அற்றுப்போகிறது. வாண்டா "அவருக்கு உதவு" என்று சொன்ன பிறகுதான் விஷன் அசைகிறார். பிறகு எல்லோரும் ஒன்றுமே நடவாததுபோல் விடைபெற்றுப் போகிறார்கள், கேமராவும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

காதலனைப் பறிகொடுத்த ஒரு பெண் தன் துயரத்தை மறைக்கக் கட்டிக்கொண்ட உலகம் அது என்பதை நாம் பின்னால்தான் அறிகிறோம். ஆனால் அவள் மறைப்பதைக் காட்சியமைப்பு முதல் நாளே ஒப்புக்கொண்டுவிடுகிறது. வசனத்தில் ஒரு சொல்கூட வெளிப்படாத நிலையில் கேமரா நின்ற தூரமும் ஒலியின் இன்மையும் கதையைச் சொல்லிவிட்டன என்பதே நான் முன்வைக்கும் கருத்து. அன்பர்கள் காட்சியைப் பற்றியே எழுதினால் மகிழ்வேன். பின்னால் வரும் அத்தியாயங்களையும் தொட்டுப் பேச வேண்டியிருக்கும் என்பதால், முழுத் தொடரையும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்

அம்மா, நீங்கள் எழுதிய காட்சி நன்றாக இருக்கிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் மனக்குறை வேறு. அந்த அத்தியாயம் யாருடைய நினைவை நம்பி எடுக்கப்பட்டிருக்கிறது? 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யையும், அறுபதுகளில் வந்த 'டிக் வான் டைக் ஷோ'வையும் பார்த்து வளர்ந்த அமெரிக்கக் குடும்பங்களுக்கு அந்தக் கூடம், அந்தச் சிரிப்பொலி, கணவன் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் விதம் எல்லாம் சொந்த வீட்டு நினைவு. தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன் என்று வளர்ந்த சேலத்துக்காரனுக்கு அதில் என்ன நினைவு இருக்கிறது? மூலத்தைப் பார்க்காதவனுக்கு அதன் சாயல் மட்டும் எப்படிச் சுவைக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரவு உணவுக் காட்சி அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது. அதற்கு முன்னால் நாட்காட்டியில் இருக்கும் இதயக் குறி திருமண நாளைக் குறிக்கிறதா, விருந்தைக் குறிக்கிறதா என்ற பழைய காலத்து ஆள்மாறாட்டக் குழப்பத்தை நாம் பொறுமையாகக் கடக்க வேண்டியிருக்கிறது. மூன்று நிமிடச் சாதனைக்கு இருபது நிமிடம் காத்திருக்கச் சொல்வதைத் துணிவு என்பதா, பார்வையாளரின் பொறுமையின் மீது வைத்த பாரம் என்பதா?

ஏற்காடு காப்பித் தோட்டம்

செவ்வாய்ப்பேட்டை ஐயாவின் முதல் கேள்விக்கு எங்கள் வீட்டில் நடந்த ஒன்று பதிலாகக்கூடும். என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. அமெரிக்கத் தொடர் எதையும் அவர் பார்த்ததில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காப்பிப் பழத்தில் கல் பொறுக்கிய முறத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். தட்டும் கரண்டியும் தாமாகப் பறப்பதைப் பார்த்துச் சிரித்தார். அந்த விருந்துக் காட்சி வந்ததும் முறத்தைக் கீழே வைத்தார். "இவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் எங்க போனாங்க?" என்று கேட்டார். பிறகு வாண்டாவைக் காட்டி, "இந்தப் பொண்ணுதான் என்னமோ பண்ணியிருக்கா" என்றார்.

பின்னால் வரும் அத்தியாயங்களில்தான் நமக்கு விளக்கப்படும் உண்மையை மொழி தெரியாத ஒருவர் முதல் அத்தியாயத்திலேயே கண்டுகொண்டார். அவருக்கு அமெரிக்க நினைவு தேவைப்படவில்லை. ஓர் ஒழுங்கு நிலைபெற வேண்டும், பிறகு அது உடைய வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒழுங்கு நம் உடம்பில் ஏறுவதற்கு இருபது நிமிடம் தேவைப்படுகிறது என்பதால், ஐயா குறைசொன்ன அந்தக் காத்திருப்பு வீணான காத்திருப்பு ஆகாது என்று நினைக்கிறேன். தொடக்கத்திலேயே கேமரா முகத்தருகே வந்திருந்தால் மாமியார் முறத்தைக் கீழே வைத்திருக்க மாட்டார்.

குகை ஒளிப்படக்காரர்

நிறத்தைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே. எனக்கு இத்தொடரில் மிகவும் பிடித்த செய்தி, அந்த முதல் அத்தியாயத்தில் விஷன் வேடமிட்ட பால் பெட்டனிக்கு நீல நிற ஒப்பனை பூசினார்கள் என்பதுதான். வழக்கமாக விஷனின் முகம் சிவப்பு. சிவப்பை அப்படியே கறுப்பு வெள்ளையில் பதிந்தால் அது மங்கிய கருஞ்சாம்பலாகிவிடும். முகத்தின் வரிகள் அதில் புதைந்துபோகும். எங்கள் கடையில் பழைய திருமணப் படங்களைப் புதுப்பிக்கக் கொண்டுவருவார்கள். அவற்றில் நெற்றிக் குங்குமம் கறுப்புப் பொட்டாகவும், கூரைப் பட்டின் அரக்குச் சிவப்பு ஏறக்குறைய கரியாகவும் இருக்கும். சேலையின் உண்மையான நிறம் என்ன என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுத்தான் நாங்கள் வண்ணம் தீட்டுவோம். ஆகவே நீலம் பூசிய முடிவைப் படித்தபோது, இவர்கள் கணினியில் வண்ணத்தை உறிஞ்சிவிட்டுக் கறுப்பு வெள்ளை என்று சொல்லிக்கொள்ளவில்லை, கறுப்பு வெள்ளையாகவே நினைத்து எடுத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

விளக்கும் அப்படித்தான். ஒளிப்பதிவாளர் ஜெஸ் ஹால் பழங்கால அத்தியாயங்களுக்கு அந்தக் காலத்து டங்ஸ்டன் விளக்குகளையே பயன்படுத்தினார். 'ஐ லவ் லூசி'யின் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட், 1927இல் வெளிவந்த 'மெட்ரோபோலிஸ்' படத்தில் பணியாற்றியவர்; மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விளக்கை மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால், தளம் முழுவதும் மேலிருந்து சீராக விழும் வெளிச்சத்தை அமைத்தார். நிழலே இல்லாத அந்த வெளிச்சம்தான் அன்றைய நகைச்சுவைத் தொடர்களின் முகம். அஸ்தம்பட்டி அம்மா சொன்ன காட்சியில் முகங்களில் நிழல் விழத் தொடங்குவதைக் கவனியுங்கள். சிரிப்பொலி நின்றதை எல்லோரும் உணர்கிறார்கள். நிழல் வந்ததை உணராமலே அஞ்சுகிறார்கள்.

இன்னொன்று, நடுவே வரும் விளம்பரம். ரொட்டி சுடும் கருவிக்கான விளம்பரம் அது, தயாரிப்பாளர் ஸ்டார்க் நிறுவனம், மார்வெல் கதைகளில் ஆயுதம் செய்யும் நிறுவனம். கறுப்பு வெள்ளைத் திரையில் அந்தக் கருவியின் விளக்கு மட்டும் சிவப்பாக மின்னுகிறது. ஒலி வேகம் கூடிக்கொண்டே போகிறது. அந்தக் கறுப்பு வெள்ளை உலகத்துக்குள் நிறம் தென்படுவது அங்கு மட்டுமே. எட்டாவது அத்தியாயத்தில், சிறுமி வாண்டாவின் வீட்டின் மீது விழுந்து வெடிக்காமல் கிடந்த ஸ்டார்க் குண்டின் சிவப்பு விளக்கைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

கன்னங்குறிச்சி முதியவர்

குகைத் தம்பி விளக்கைப் பற்றி எழுதியதால் நானும் எழுதத் துணிகிறேன். என் பேரன் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டியபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம் சேலத்துப் படப்பிடிப்பு நிலையமான மாடர்ன் தியேட்டர்ஸ்தான். ஏற்காடு சாலையில் இன்று வளைவு மட்டும் நிற்கிறது. அதைக் கடந்து போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியும்? டி.ஆர். சுந்தரம் ஐயா அங்கே எடுத்த 'உத்தம புத்திர'னில் (1940) பி.யு. சின்னப்பா இரண்டு வேடங்களில் ஒரே சட்டகத்துக்குள் வந்தார். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) அங்கே உருவானது. 1956 பொங்கலுக்கு வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம்.

என் அண்ணன் அங்கே லைட்பாயாக இருந்தார். அலிபாபாவை எடுத்த கெவாகலர் என்ற வண்ணப் படச்சுருளுக்குக் கறுப்பு வெள்ளையைவிடப் பல மடங்கு வெளிச்சம் வேண்டும். முன்பு சில விளக்குகள் போதும் என்ற இடத்தில் பரண் நிறைய விளக்குகளை ஏற்றினார்களாம். காட்சி முடிந்ததும் நடிகர்களுக்கு விசிறிவிட ஆள் ஓடுவார்கள். பரண் மேல் நின்றவர்களுக்கு விசிறிவிட யாரும் இல்லை என்று அண்ணன் சொல்வார். கண் எரிகிறது என்று வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். வண்ணம் என்பது திரையில் வந்து சேர்வதற்கு முன்னால் யாரோ ஒருவருடைய உடம்பில் அனலாகப் பட்டிருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். எங்கள் தலைமுறை கறுப்பு வெள்ளை வண்ணமாக மாறுவதைத் திரையரங்கில் கண்டிருக்கிறது. 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' பாதிக்கு மேல் வண்ணமாக மாறும்போது அரங்கமே ஆரவாரித்தது. அங்கே வண்ணம் வந்தது கண்ணுக்கு விருந்தாக. இந்தத் தொடரில் வண்ணம் வருவது அச்சமூட்டுவதற்காக. இரண்டாம் அத்தியாயத்தில் புதரில் கிடக்கும் பொம்மை ஹெலிகாப்டர் சிவப்பாகத் தெரியும். ஒரு பெண்ணின் கையில் கண்ணாடி கிழித்து வரும் இரத்தம் சிவப்பாக வரும். வெளியுலகத்தின் உண்மை உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் அது நிறமாகவே நுழைகிறது. நிறத்துக்கு இப்படி ஒரு வேலை கொடுக்க முடியும் என்று நாங்கள் அன்று எண்ணிப் பார்த்ததில்லை.

அடுக்களையில் பாத்திரங்கள் பறக்கும் தந்திரக் காட்சியைப் பற்றியும் ஒரு சொல். அவற்றில் பலவற்றைக் கம்பி கட்டி, தளத்திலேயே, பார்வையாளர்களை எதிரே அமரவைத்து எடுத்தார்கள் என்று பேரன் சொன்னான். 1957இல் வந்த 'மாயாபஜா'ரில் எஸ்.வி. ரங்காராவ் முன்னால் லட்டுகள் தாமாக எழும்பி வாய்க்குள் போகும் காட்சியை மார்க்கஸ் பார்ட்லே படம்பிடித்திருந்தார். அதை இன்று பார்க்கும் குழந்தையும் கைதட்டுகிறது. பொருளுக்கு எடை இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கம்பியில் ஆடும் சட்டி நிற்குமுன் ஒருமுறை நடுங்கும். அந்த நடுக்கம் கணினியில் செய்த பறத்தலில் இருப்பதில்லை.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்

கன்னங்குறிச்சி ஐயாவுக்கு வணக்கம். தங்கள் அண்ணனைப் பற்றி எழுதியதைப் படித்து நெகிழ்ந்தேன். ஏற்காட்டு அம்மையாரின் மாமியார் கேட்ட கேள்வியும் என் முதல் மறுப்பை வலுவிழக்கச் செய்கிறது. மூலம் தெரியாமலும் காட்சி பேசக்கூடும் என்பதை ஏற்கிறேன். இருந்தாலும் ஒன்றில் உறுதியாக இருக்கிறேன். அந்தச் சிவப்பு விளக்கின் பொருள் எட்டாவது அத்தியாயத்தில்தான் விளங்குகிறது என்றால், ஆறு வாரம் காத்திராமல் விலகிப் போனவரைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. தொடர் என்பது வாரந்தோறும் ஒரு முழுமையைக் கையில் தர வேண்டும். புராணக் கதாகாலட்சேபம் செய்பவர்கூட அன்றன்றைக்கு ஒரு கட்டத்தை நிறைவுசெய்துவிட்டுத்தான் மங்களம் பாடுவார்.

சூரமங்கலம் மாணவர்

காட்சித் தொடர்பியல் படிக்கிறேன். ஐயா சொன்ன மறுப்பைவிட வேறொரு மறுப்பே எனக்கு வலுவாகப் படுகிறது: இத்தொடரின் உண்மையான பலவீனம் அதன் தொடக்கத்தில் இல்லை, முடிவில் இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் இயக்குநர் மாட் ஷாக்மன் ஒளி, ஒலி, கேமராவின் தூரம் ஆகியவற்றைக் கொண்டு சாதித்ததை, ஒன்பதாவது அத்தியாயத்தில் இரண்டு பெண்கள் வானத்தில் மிதந்து ஒருவர் மீது ஒருவர் ஒளிக்கற்றை வீசுவதாகச் சுருக்கிவிட்டார்கள். அது எந்த அதிநாயகப் படத்திலும் வரக்கூடிய காட்சி. ஒளிக்கற்றையின் நிறத்தை மாற்றினால் வேறு படத்தில் ஒட்டிவிடலாம். விருந்து மேசையில் ஒரு சிரிப்பொலியை நிறுத்தி நம்மை நடுங்கவைத்தவர்கள் ஏன் கடைசியில் வானத்தை நம்பினார்கள் என்று வகுப்பில் நாங்கள் நெடுநேரம் விவாதித்தோம்.

என் ஆசிரியர் ஒருவர் சொன்ன பதிலை நான் ஏற்கவில்லை என்றாலும் இங்கே பதிகிறேன்: இது பெரிய திரைப்பட வரிசையின் ஒரு பகுதி, அடுத்த படத்துக்கு ஆளை ஒப்படைக்க வேண்டிய கடமை அதற்கு இருந்தது, ஆகவே முடிவு தன் கையில் இல்லை என்றார். இருக்கலாம். ஆனால் அதே கடைசி அத்தியாயத்தில், ஊரைச் சுற்றி வாண்டா எழுப்பிய மாய எல்லை சுருங்கி வர வர அவள் கட்டிய வீடு கலைந்து, அவள் வெற்று மனையில் தனியாக நிற்கும் காட்சியும் இருக்கிறது. ஒப்படைக்கும் கடமை அதைத் தடுக்கவில்லையே. அங்கே ஒளிக்கற்றை இல்லை. சுவர்கள் போகின்றன, அவ்வளவுதான். அந்தக் காட்சி முதல் அத்தியாயத்தின் உண்மையான உறவு.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான 2021 எம்மி விருதுகளுக்கு இத்தொடர் 23 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு மூன்றில் வென்றது. கலை வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு, பாடல் என்பவை அந்த மூன்று. காட்சி விளைவுகளுக்கான விருது அதில் இல்லை. சுவர், துணி, பாட்டு ஆகியவற்றைச் செய்தவர்களையே நடுவர்கள் தேர்ந்தார்கள் என்பது எனக்கு நிறைவளிக்கிறது.

ஏற்காடு காப்பித் தோட்டம்

தம்பி, வெற்று மனை பற்றி நீங்கள் எழுதியது மிகச் சரி. வானச் சண்டையின்போது மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். வீடு கலையும்போது திரும்பி வந்து நின்றுகொண்டே பார்த்தார்.

எடப்பாடி நெசவாளர் மகன்

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. நான் இதைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். முதல் அத்தியாயத்தில் இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்ததால் விரலால் படத்தை இழுத்துத் திரை முழுவதும் வருமாறு செய்துகொண்டேன். நீங்கள் சொல்லும் அளவுக்கு எனக்கு அந்த விருந்துக் காட்சி அச்சம் தரவில்லை. முடிவில் ஏதோ மாறியதுபோல் இருந்தது. என்ன என்று பிடிபடவில்லை.

அஸ்தம்பட்டி ஆசிரியை

எடப்பாடித் தம்பி, நல்ல வேளையாகக் கேட்டீர்கள். அந்தக் கறுப்புப் பட்டைகள் படத்தின் பகுதி. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் வடிவமான நான்குக்கு மூன்று என்ற அளவில் அத்தியாயத்தை அமைத்திருக்கிறார்கள். இழுத்துப் பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும். விருந்து மேசையில் நெற்றியும் கைகளும் போய்விடும். அந்த மனைவி சிரித்துக்கொண்டே கெஞ்சும் நெருக்கக் காட்சியில் முகம் முழுதாகத் தெரிய வேண்டும். உதடு சிரிப்பதும் கண் கெஞ்சுவதும் ஒரே நேரத்தில் தெரிந்தால்தான் அந்த நடிப்பின் அருமை விளங்கும். டெப்ரா ஜோ ரப் என்ற அந்த நடிகையைப் பற்றி இதுவரை நாம் யாரும் எழுதாதது குறைதான்.

முடிவில் மாறியது சட்டகம். தம்பதியர் மோதிரம் அணிந்து அமர்ந்திருக்க, படம் முடிவதுபோல் பெயர்கள் ஓடுகின்றன. பிறகு கேமரா பின்வாங்குகிறது. அவர்கள் ஒரு பெட்டிக்குள் இருக்கிறார்கள். பெட்டிக்கு முன்னால் யாரோ அமர்ந்து குறிப்பெழுதுகிறார். அப்போது நான்குக்கு மூன்று என்ற சட்டகம் இருபுறமும் விரிந்து இன்றைய திரைப்படத்தின் அகலத்துக்கு வருகிறது. செவ்வாய்ப்பேட்டை ஐயா அன்றன்றைக்கு ஒரு முழுமை வேண்டும் என்றாரே, அதற்கான என் பதிலும் இதுவே. சிவப்பு விளக்கின் பொருள் பிறகு வரட்டும். யாரோ இவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அந்த வாரமே, ஒரு வசனமும் இல்லாமல், திரையின் அகலத்தை மாற்றிச் சொல்லிவிட்டார்கள். கைப்பேசியில் இழுத்துப் பார்த்தவருக்கு அந்தப் பதில் கைக்கு எட்டாமல் போயிருக்கிறது.

முடிந்தால் தொலைக்காட்சியில், விளக்கை அணைத்துவிட்டு, பட்டைகளை அப்படியே விட்டு மறுபடியும் பாருங்கள். ஒலியைச் சற்றுக் கூட்டி வையுங்கள். சிரிப்பு எந்த வசனத்தோடு நிற்கிறது என்று கவனித்து இங்கே எழுதுங்கள். எனக்கும் குகை ஒளிப்படக்காரருக்கும் அதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்

சட்டகம் விரியும் அந்தக் கடைசி நிமிடத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை என்பது உண்மை. அதற்கு ஒரு மதிப்பெண் தருகிறேன். நாட்காட்டிக் குழப்பத்துக்குத் தர மாட்டேன். சிரிப்பு எங்கே நிற்கிறது என்பதை நானும் பார்த்துச் சொல்கிறேன்; மேலதிகாரி மேசையைத் தட்டியதுமே நின்றுவிடுகிறது என்று என் நினைவு.